கரை காணாத ஒரு நாள்

பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரமாக ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. 1751-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருத போர் ஒன்றைக் கண்ட கோட்டை அது. அதன் உச்சியில் ஏறி நாற்புறமும் நோக்கினால் மக்காச்சோளக் கொல்லைகளும், பருத்திக் காடுகளும், சின்ன வெங்காயப் பாத்திகளுமே கண்ணுக்குத் தெரியும். அவற்றில் பெரும்பகுதி வானத்தை நம்பி விளைவது. கடலைக் காண வேண்டுமானால் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் செல்ல வேண்டும். இவ்வூரில் வாழ்க்கைப்பட்டு, எழுபது வயதைக் கடந்துவிட்ட என் தாயார் அதுவரை கடலைக் கண்டதே இல்லை.

சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் ஒன்று புறப்படும் செய்தி வந்தபோது, "அப்பாயியையும் அழைத்துக்கொண்டு போவோம்" என்று என் மக்கள் இருவரும் பிடிவாதம் செய்தார்கள். 2022-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் தமிழக முதலமைச்சர் அப்பயணத்தைத் தொடங்கி வைத்தார். 'எம்பிரஸ்' என்னும் அக்கப்பல் பிரான்சு நாட்டின் செயின்ட் நசேர் நகரில் கட்டப்பெற்று, 1990-இல் முதன்முதலாகப் பயணம் சென்றது. நீளம் 211 மீட்டர். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் நாங்கள் ஐவரும் அதில் ஏறினோம். ஒரு நாள் மாலை புறப்பட்டு, மறுநாள் முழுவதும் நடுக்கடலில் இருந்து, மூன்றாம் நாள் காலை சென்னைக்கே திரும்புவது எங்கள் பயணம்.

எனக்கும் என் தாயாருக்கும் அப்போது ஒரு மனத்தாங்கல் இருந்து வந்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் நிலத்தில் இரண்டு ஆழ்துளைக் கிணறுகள் வற்றிவிட்டன. மூன்றாவது கிணறு தோண்டினால் நீர் கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை. நிலத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டி மழைநீரைத் தேக்கலாம் என்பது என் கருத்து. "விளைகிற மண்ணைக் குழியாக்க மாட்டேன்" என்று அவர் உறுதியாக மறுத்துவிட்டார். அந்தப் பேச்சை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் கப்பலுக்குப் போனோம். ஆனால் அது எங்களோடு கடலுக்கும் வந்துவிட்டது!

நம் முன்னோரின் கடற்பயணங்கள் பெரும்பாலும் பிழைப்பை நாடியவை. 1926-இல் கட்டப்பெற்ற 'ரஜுலா' என்னும் கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவரைப் பல்லாண்டுகள் ஏற்றிச் சென்றது. அதில் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்றவர் பலர். கடலையே காண்பதற்காகக் கப்பல் ஏறும் வழக்கம் வேறு வகையில் தோன்றியது. 1891 ஜனவரியில் ஜெர்மனியிலிருந்து 'அகஸ்தா விக்டோரியா' என்னும் கப்பல் மத்தியதரைக் கடலுக்கு இன்பப் பயணம் சென்றது. குளிர்காலத்தில் அட்லாண்டிக் பயணிகள் குறைந்து கப்பல்கள் வீணே நின்றமையால், அதன் உரிமையாளர் கண்ட வழி அது. இன்றைய உல்லாசக் கப்பல்களுக்கு அதனை முன்னோடி என்பர்.

ஏறியவுடன் முதலில் நடந்தது விருந்தன்று, ஒரு பயிற்சி. ஆபத்து நேர்ந்தால் எவ்விடத்தில் கூட வேண்டும், மிதவை அங்கியை எவ்வாறு அணிய வேண்டும் என்று எல்லாப் பயணிகளுக்கும் கற்பித்தார்கள். 1912-இல் 'டைட்டானிக்' மூழ்கியதன் விளைவாக, 1914-இல் நாடுகள் கூடிக் கடலில் உயிர்காப்புக்கான உடன்படிக்கை ஒன்றை வகுத்தன. காலந்தோறும் திருத்தப்பெற்று அது இன்றும் நிலவுகிறது. 2012-இல் இத்தாலியக் கரையோரம் 'கோஸ்டா கன்கார்டியா' என்னும் கப்பல் கவிழ்ந்த பின்னர், பயணிகளுக்கான இப்பயிற்சியைப் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று விதி இறுகியது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் சிலருடைய உயிர் இருக்கிறது என்பதை மாணவர்கள் மறக்கலாகாது.

மறுநாள் காலை மேல்தளத்திற்கு வந்தோம். எப்பக்கம் திரும்பினாலும் நீர். கரையின் சுவடே இல்லை. "எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்?" என்று என் தாயார் கேட்டார். கரை மறைவதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. பூமி உருண்டையாக இருப்பதால், கடற்கரை மணலில் நிற்பவருக்கு நீர்ப்பரப்பு ஐந்து கிலோமீட்டருக்குள்ளாகவே வளைந்து மறைந்துவிடும். 25 மீட்டர் உயரத் தளத்தில் நிற்பவருக்கு அது ஏறத்தாழ 18 கிலோமீட்டர். கடலில் தொலைவை அளக்கும் கடல் மைல் என்பதும் பூமியின் வளைவிலிருந்தே பிறந்தது. அட்சரேகையின் ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் ஒரு கூறு ஏறத்தாழ ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் செல்லும் வேகமே 'நாட்'. பழங்காலத்து மாலுமிகள் முடிச்சுகள் இட்ட கயிற்றைக் கடலில் விட்டு, குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சுகள் ஓடின என்று எண்ணியதால் வந்த பெயர் அது.

"ஓர் ஆணி மூழ்குகிறதே, இவ்வளவு இரும்பு எப்படி மிதக்கிறது?" என்று என் மகள் கேட்டாள். நான் ஆர்க்கிமிடீசைத் தொடங்குமுன் அவளுடைய அப்பாயி விடை கூறிவிட்டார்: "கிணற்றில் வெறுங்குடம் மிதக்கவில்லையா, கண்ணு? தண்ணீர் நிறைந்தால்தானே உள்ளே போகும்?" இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. வெண்கலக் குடம் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கியவுடன் மேற்கொண்டு அமிழாமல் நின்றுவிடுகிறது. ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை ஏறத்தாழ 1,025 கிலோகிராம். 200 மீட்டர் நீளமும், 30 மீட்டர் அகலமும் கொண்ட ஓர் இரும்புப் பெட்டி 7 மீட்டர் அமிழ்ந்தால், அது விலக்கும் நீர் 42,000 கன மீட்டர். ஆகவே அது 43,000 டன் எடையைத் தாங்கும். கப்பலின் இரு முனைகளும் கூர்ந்திருப்பதால் அதன் கணக்கு இதனினும் குறையும், தத்துவம் ஒன்றே. கப்பலின் 'மொத்த டன்' என்று அச்சிடப்படுவது எடையன்று, உள்ளிடத்தின் கொள்ளளவைக் கொண்டு கணிக்கப்பெறும் எண் என்பதையும் நினைவிற் கொள்க.

முற்பகலில் தென்மேற்குக் காற்று சற்று வலுத்தது. என் மகன் முகம் வெளுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் படுத்துவிட்டான். கடற்பிணி என்பது வயிற்றில் தோன்றுவதன்று. உட்செவியிலுள்ள நுண்குழாய்கள் உடலின் ஆட்டத்தை மூளைக்கு அறிவிக்கின்றன. அறைக்குள் இருப்பவனின் கண்களோ சுவர் அசையவில்லை என்று அறிவிக்கின்றன. இவ்விரு சாட்சிகளும் முரண்படுவதால் எழும் குழப்பமே குமட்டலாகிறது. ஆகவே அவனை எழுப்பிக் கப்பலின் நடுப்பகுதிக்கு அழைத்து வந்து, தொடுவானத்தையே பார்க்கச் செய்தோம். அவனுடைய அப்பாயி மடியில் முடிந்து வைத்திருந்த சுக்கை வாயில் அடக்கிக்கொள்ளக் கொடுத்தார். நண்பகலில் அவன் மோர்ச்சோறு உண்டான்.

நண்பகலுணவிற்குப் பின், என் தாயார் குளியலறைக் குழாயைத் திறந்து, நீரை வாயில் வைத்துப் பார்த்துத் திகைத்து நின்றார். "தம்பி, இது நல்ல தண்ணீராக இருக்கிறதே! இத்தனை பேருக்கும் எங்கிருந்து வருகிறது?" என்றார். இவ்வினா வெறும் வியப்பில் எழுந்ததன்று. அவர் வாழ்நாள் முழுதும் நீருக்காகக் குடம் சுமந்தவர்.

கப்பல்கள் துறைமுகத்தில் நீரை நிரப்பிக்கொள்வதுண்டு. பெரிய பயணிக் கப்பல்கள் கடல்நீரையே நன்னீராக்கிக் கொள்வதும் உண்டு. கடல்நீரில் சராசரியாக லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. அதனை நீக்க இருவழிகள் உள்ளன. ஒன்று காய்ச்சி வடித்தல். காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டால் நீர் 100 பாகைக்கு வெகு கீழேயே கொதிக்கும். ஆதலால் எந்திரத்தைக் குளிர்வித்து வரும் வெந்நீரின் வெப்பமே அதற்குப் போதும். மற்றொன்று, மிக நுண்ணிய சவ்வின் வழியே உயர்ந்த அழுத்தத்தில் நீரைச் செலுத்தி உப்பைத் தடுத்துவிடுவது. சென்னை நகருக்கென மீஞ்சூரில் 2010-இலும், நெம்மேலியில் 2013-இலும் தொடங்கப்பெற்ற ஆலைகள் இம்முறையைச் சார்ந்தவை. அவை ஒவ்வொன்றும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் வடிக்கும் திறனுடன் அமைக்கப்பெற்றவை.

கழிவுநீருக்கும் சட்டம் உண்டு. 1973-இலும் 1978-இலும் உருவான அனைத்துலக உடன்படிக்கையின்படி, சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் விடலாகாது. பிளாஸ்டிக்கை எவ்விடத்திலும் கடலில் எறியலாகாது.

இவற்றையெல்லாம் கேட்ட என் தாயார் நெடுநேரம் கடலையே பார்த்திருந்தார். பிறகு, "இந்த நீரை நம் ஊருக்குக் கொண்டுவர முடியாதா?" என்றார்.

மாலையில் இருவரும் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்தோம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல உயரம் நீர் நிற்க வேண்டுமானால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். கடல்நீரைச் சவ்வு முறையில் வடிக்க, ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும். அதன்மேல் நூறு கிலோமீட்டர் குழாயில் செலுத்தி, கடல்மட்டத்துக்கு நூறு மீட்டருக்கும் மேலுள்ள எங்கள் நிலத்திற்கு ஏற்றவும் வேண்டும். ஆக, ஓர் ஏக்கருக்கு ஒரே ஒரு நனைப்புக்கு நானூறு யூனிட்டுக்குக் குறையாது. வெங்காயத்திற்கு எத்தனை நனைப்பு வேண்டும் என்பதை அவரே அறிவார்! குடிநீருக்கு இது தகும், கொல்லைக்குத் தகாது.

"ஆனால் இதே வேலையை ஒருவன் கூலி வாங்காமல் செய்கிறானே" என்று மேற்கே சாய்ந்துகொண்டிருந்த கதிரவனைக் காட்டினேன். கதிரவன் இவ்வங்கக்கடலைக் காய்ச்சுகிறான். உப்பு இங்கேயே தங்கிவிடுகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவக்காற்று அந்நீரைச் சுமந்து வந்து நம் தலைமேல் பொழிகிறது. ஓர் அங்குல மழை என்பது ஏக்கருக்கு அதே ஒரு லட்சம் லிட்டர்தான். கடல் ஆண்டுதோறும் ரஞ்சன்குடிக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. நாம் அதனை ஓடையோடு அனுப்பிவிட்டு, நிலத்தின் அடியில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் நாட்டுக்குக் கடல் புதிதன்று. ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், பெரம்பலூருக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் உள்ள நிலம் கடலாக இருந்தது. காரை, குன்னம், அரியலூர்ப் பக்கங்களில் கிடைக்கும் சுருள்வடிவக் கற்கள், அக்கடலில் வாழ்ந்து, 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அழிந்துபோன அம்மோனைட்டு என்னும் உயிரினத்தின் ஓடுகள். இப்பாறைகளைப் பிளான்போர்டு என்னும் நிலவியலாளர் ஆராய்ந்து 1862-இல் நூலாக வெளியிட்டார். ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கும் பாறையோ அக்கடலினும் மிகத் தொன்மையானது. அன்று அது கரைப்பக்கத்து நிலம். கடல் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கல்லே இன்று அரியலூரில் சிமெண்டாகிறது. மாணவர்கள் அப்பக்கம் சென்றால் அக்கற்களைக் கண்டு வாருங்கள், பெயர்த்தெடுத்து வாராதீர்கள். கிடந்த இடத்தை இழந்த கல், தன் வரலாற்றில் பாதியை இழந்துவிடுகிறது.

மூன்றாம் நாள் விடியலில் சென்னையின் கலங்கரை விளக்கு தெரிந்தது. படியிறங்கும்போது என் தாயார் கேட்டது ஒன்றே: "அந்தக் குட்டைக்கு எத்தனை சென்டு நிலம் போகும்?" பத்துச் சென்டு என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. வீடு வந்த மறுநாள், கொல்லையின் தாழ்ந்த மூலையில் நான்கு முளைகள் அடித்திருக்கக் கண்டேன். நான் குறித்துக் கொடுத்திருந்ததைவிட அவை இரண்டு முழம் தள்ளி, மழைக்காலத்தில் நீர் முதலில் வந்து சேரும் இடத்தில் சரியாக நின்றன.