இஞ்சி பிஸ்கட் வீடு இடியாமல் நிற்க



ஜெர்மனியில் கிறிஸ்துமஸுக்கு இஞ்சி, பட்டை, கிராம்பு போட்ட பிஸ்கட்டில் சின்ன வீடு கட்டுவார்கள். 1812-ல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட கதையில்கூட ஒரு தின்பண்ட வீடு வரும். பேக்கரி நடத்தும் குழுக்களுக்கு டிசம்பரில் இந்த ஆர்டர் வரலாம். வழியில் சுவர் சரிந்தால் போட்ட முதல் போச்சு! சரிவதற்கு மூணு காரணம்.

மாவு: பேக்கிங் பவுடர் கூடினால் பிஸ்கட் உப்பி ஓரம் கோணும். போடாமலே சுடலாம். சூட்டோடு ஓரத்தை நேராக வெட்டுங்க. நன்றாக ஆறிய பிறகே ஒட்டணும்.

பசை: ஒரு முட்டையின் வெள்ளைக்கருவுக்கு 200 முதல் 250 கிராம் ஐசிங் சர்க்கரை. கரண்டியைத் தூக்கினால் வழியக் கூடாது. ஈரம் காய்ந்ததும் சர்க்கரை கல்லாக இறுகும். பச்சை முட்டை கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் ஆகாது. விற்பனைக்குப் பாஸ்டரைஸ் செய்த வெள்ளைக்கருப் பொடியே நல்லது.

அவசரம்: நாலு சுவரையும் ஒட்டி, டம்ளரை முட்டுக் கொடுத்து, சில மணி நேரம் காய விடுங்க. பிறகுதான் கூரை. அதுவும் வழுக்காமல் கீழே முட்டு வேணும். மிட்டாய் அலங்காரம் கடைசியில்.

மழைக்கால ஈரக்காற்றில் பிஸ்கட் நமுத்துவிடும். பிளாஸ்டிக் தாளால் மூடி வையுங்க. முதலில் ஒன்று செய்து, பலகையோடு தூக்கி நடந்து பாருங்க. நின்றால் ஆர்டர் வாங்கலாம்.