லினக்சை நீக்கியதும் கணினி ஏன் எழுவதில்லை?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி இல்லாத பழைய மடிக்கணினிகளில் உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் சேர்த்துப் பார்க்க அது ஒரு காரணமாயிற்று. பிடிக்கவில்லை என்றால், சிலர் விண்டோசுக்குள் நுழைந்து லினக்ஸ் இருந்த பார்ட்டிஷனை அழித்துவிடுகிறார்கள். அடுத்த முறை கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் ‘கிரப்’ என்று தொடங்கும் ஒரு வரி மட்டும் நிற்கும். சிங்கப்பூரின் சிம் லிம் சதுக்கத்துக் கணினிக் கடைகளுக்கு அந்தக் கணினியைத் தூக்கிச் செல்பவர், ‘ஃபார்மேட் பண்ணிடலாம்’ என்று யார் சொன்னாலும் உடனே தலையாட்டிவிடக் கூடாது. விண்டோசும் குடும்பப் படங்களும் பிள்ளைகளின் பள்ளி வேலைகளும் பெரும்பாலும் வட்டில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

பழைய பயாஸ் முறைக் கணினி, வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்துத்தான் எழுகிறது. அதில் துவக்க நிரலுக்குக் கிடைப்பது 446 பைட். எந்தப் பிரிவு (பார்ட்டிஷன்) எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணைக்கு 64 பைட். மிச்சம் இரண்டும் அடையாளக் குறி. இவ்வளவு சிறிய இடத்தில் முழு நிரலும் அடங்காது. அதனால் லினக்சின் துவக்க நிரலான கிரப் தன் தலைப்பகுதியை மட்டும் வட்டின் தொடக்கத்தில் வைத்துவிட்டு, மற்றதை லினக்ஸ் பிரிவுக்குள் வைத்துக்கொள்கிறது. பிரிவை அழித்த பிறகும் தலைப்பகுதி அங்கேயே இருந்து, இல்லாத உடலைத் தேடி நின்றுவிடுகிறது. புதிய யுஇஎஃப்ஐ முறையிலும் கதை ஏறக்குறைய இதுதான். துவக்கக் கோப்புகளுக்கென்று ஒரு சிறு பிரிவு தனியாக இருக்கும். அதில் உபுண்டுவின் கோப்புறையும் விண்டோசின் கோப்புறையும் அருகருகே இருக்கும். எதை முதலில் எழுப்புவது என்ற வரிசை தாய்ப்பலகையின் நினைவில் பதிந்திருக்கிறது. லினக்ஸ் போனாலும் அந்த வரிசையில் அதன் பெயர்தான் முதலில் நிற்கிறது.

ஆகவே புதிய கணினிகளில் வேலை பல நேரங்களில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கணினி எழும்போது எஃப்2 அல்லது டெலிட் விசையை அழுத்தி (தயாரிப்புக்குத் தயாரிப்பு இது மாறும்) அமைப்புப் பக்கத்துக்குள் போய், ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்பதை முதலிடத்துக்கு ஏற்ற வேண்டும். பழைய கணினி என்றால், வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் நிறுவியை இலவசமாக ஒரு பென்டிரைவில் இறக்கி, அதன் வழியே துவக்கி, ‘ரிப்பேர்’ பகுதியிலுள்ள கட்டளைத் திரையில் ‘பூட்ரெக்’ கருவியை ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்ற தெரிவோடு ஓட்ட வேண்டும். அது துவக்க நிரலை மட்டுமே திருப்பி எழுதும். பிரிவு அட்டவணையைத் தொடாது. இந்த ஒரு விவரத்துக்காகவே ஃபார்மேட்டை மறுக்கலாம்.

ஃபார்மேட் செய்தால் நிச்சயமாகத் தீரும், பழுது தேடி நேரத்தை வீணாக்குவானேன் என்று கடைக்காரர் கேட்கலாம். ஆனால் விண்டோசைப் புதிதாக நிறுவி, டிரைவர்களையும் மென்பொருள்களையும் திரும்பப் போட்டு முடிக்க ஆகும் நேரம் இதைவிட அதிகம்; நகல் எடுத்து வைக்காதவருக்கோ இழப்பு மீளாதது. கட்டளைத் திரையில் சாதாரண மக்கள் கை வைப்பது ஆபத்து என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டுள்ள கணினி, வரிசையை மாற்றியதும் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும். அதை முதலில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடி எடுத்து வைக்க வேண்டும். அமைப்புப் பக்கத்தில் வட்டின் பெயரே தெரியாவிட்டால் அது வட்டுக் கோளாறு, வேறு நோய். தயக்கம் இருந்தால் கடைக்கே போகலாம். துவக்க நிரலைச் சரிசெய்து தாருங்கள், வட்டை அழிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டால் போதும்.

பழைய பெட்டிக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று நினைப்பவர்களும் உண்டு. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்கிறது தேசிய சுற்றுப்புற வாரியம். அதைத் திரட்டும் பொறுப்பை உற்பத்தியாளர்கள்மீது வைக்கும் திட்டம் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. பழுதே இல்லாத வட்டுள்ள ஒரு கணினி அந்தக் குவியலில் சேரக் காரணமே இல்லை. இனி லினக்சை நீக்க நினைப்பவர்கள், முதலில் துவக்க வரிசையில் விண்டோசை மேலே ஏற்றி (பழைய கணினியில் ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ ஓட்டி), ஒருமுறை அணைத்துப் போட்டு அது தானாக எழுகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே பார்ட்டிஷனை அழிக்கட்டும்.