கணவாயைக் காத்த பாலக்காட்டுக் கோட்டை

மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடும் இடம் பாலக்காட்டுக் கணவாய். கோயம்புத்தூரிலிருந்து மலபார்க் கடற்கரைக்குப் படைகள் எளிதில் செல்லத்தக்க வழி இதுவே. அவ்வழியைத் தம் பிடியில் வைத்திருக்கவே ஹைதர் அலி 1766-இல் இங்குக் கோட்டையைக் கட்டினார்.

இது பீரங்கிக் காலத்துக் கோட்டை. உயரத்தைவிடப் பருமனையே நம்பியது. சதுர வடிவம், தடித்த கருங்கல் மதில், சுற்றிலும் அகழி. மூலைகளிலும் பக்கங்களின் நடுவிலும் கொத்தளங்கள் வெளியே புடைத்து நிற்பதால், மதிலடியை நெருங்கும் பகைவரைப் பக்கவாட்டிலிருந்து சுட இயலும்.

ஆயினும் 1768-இல் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினர். சில மாதங்களில் ஹைதர் மீட்டார். 1783-இல் கர்னல் புல்லார்ட்டனின் முற்றுகையை 11 நாள்களே தாங்கியது. 1790-இல் நிலையாக ஆங்கிலேயர் வசமாயிற்று.

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இக்கோட்டையின் அகழியில் இன்றும் நீர் நிற்கிறது. அதன் கரையில் நின்று நோக்கினால்தான் கொத்தளங்களின் பருமன் விளங்கும்.