ஆறு தந்திக்கும் மூன்று பூட்டு!

மேடையில் அந்த வித்தையைப் பார்த்திருப்பீர்கள். கிட்டார்காரர் ஒரு சுரத்தை மீட்டிவிட்டு, பிரிட்ஜிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வாம்மி பாரை ஒரே அமுக்காக அமுக்குவார். சுரம் ‘ஊஊம்ம்ம்’ என்று பாதாளத்துக்குப் போகும். தந்திகள் தளர்ந்து தொளதொளவென்று ஆடும். கையை எடுத்ததும் அத்தனையும் துள்ளி எழுந்து, சுருதி பிசகாமல் பழைய இடத்தில் வந்து நிற்கும். கூட்டம் விசிலடிக்கும்!

எல்லோர் கண்ணும் அந்த பார் மேலேதான். ஆனால் அசல் கில்லாடி கிட்டாரின் மறுமுனையில், நெக்கும் ஹெட்ஸ்டாக்கும் சேரும் இடத்தில் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறான். நான்கு சென்டிமீட்டர் சொச்சம் நீளமுள்ள ஓர் உலோகத் துண்டு. பெயர் லாக்கிங் நட். தேய்ந்துபோன பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டும் வேலை ஒரு பட்டறையில் நடக்கிறது. வாருங்கள், மெக்கானிக் அண்ணனின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்போம்!

அதற்குமுன் ஒரு நிமிடக் கதை. 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரிலேயே இந்த பார் உண்டு. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதைப் போட்டு ஆட்டாத ஆட்டம் இல்லை. ஒரே தொல்லை, பெரிதாக அமுக்கிவிட்டால் சுருதி போய்விடும். தளர்ந்த தந்தி நட்டின் காடி வழியே நழுவும்; திரும்பி இழுபடும்போது உராய்வில் சிக்கி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேராது. ஃபிளாய்ட் ரோஸ் என்ற அமெரிக்கர் ராக் இசைக்குழுவில் வாசித்தவர், நகை செய்யும் கைவேலையும் தெரிந்தவர். நழுவும் தந்தியை நட்டிலேயே கிடுக்கிப் பிடித்துவிட்டால் என்ன என்று யோசித்தார். 1979-இல் காப்புரிமை கிடைத்தது. எடி வான் ஹேலன் தொடக்கத்திலேயே இதைப் பிடித்துக்கொண்டார். எண்பதுகளின் ராக் கிட்டார் அதன்பிறகு அலறிய அலறல் உலகத்துக்கே கேட்டது.

சரி, மேசைக்கு வருவோம். வந்திருப்பது ஒரு கல்லூரித் தம்பியின் சிவப்பு கிட்டார். அதன் நட்டின் மேலே மூன்று சிறு உலோகக் கட்டைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ஸ்க்ரூ. ஒரு கட்டைக்கு இரண்டு தந்தி வீதம் மூன்று பூட்டு. 3 மி.மீ. ஆலன் கீயால் அண்ணன் அவற்றைத் திறக்கிறார். அடியில் டார்ச் அடித்துக் காட்டினார் பாருங்கள், அப்படியே மெய்மறந்துவிட்டேன்! பளபளப்பான பரப்பில் ஆறு தந்தியும் பல் பதித்த மாதிரி ஆறு பள்ளங்கள். 0.23 மி.மீ. தடிப்புள்ள முதல் தந்தியின் பள்ளம் தலைமுடியால் கீறியதுபோல மெல்லியது. ஆனால் அதற்குள் தந்தி முழுசாக ஒளிந்துகொள்கிறது. பிறகு கட்டை எதைப் பிடிக்கும்?

“டைட் போதலைன்னு நெனச்சு இன்னும் இன்னும் முறுக்கினேண்ணே.”

“அதான் தம்பி, ஸ்க்ரூ மரையும் போயிருக்கு. கட்டை மட்டும் தேஞ்சிருந்தா கட்டையை மாத்தினா போதும். இதுல அடிப்பாகமே போச்சு.”

புது நட் வாங்குவதிலும் சூட்சுமம் இருக்கிறது. ஆர்2, ஆர்3, ஆர்4 என்று ஃபிளாய்ட் ரோஸ் நட்டுகளுக்கு எண் உண்டு. ஆர்2 அகலம் 41.3 மி.மீ. ஆர்3, ஆர்4 இரண்டுமே ஏறக்குறைய 43. ஆனால் ஆர்4-இல் தந்திகள் இன்னும் கொஞ்சம் விலகி நிற்கும். மாற்றி வாங்கினால் கரைத் தந்தி ஃப்ரெட்போர்டின் ஓரத்துக்குப் போய், வாசிக்கும்போது வழுக்கி விழும். அதனால் வெர்னியரால் நெக்கையும் பழைய நட்டையும் அளந்த பிறகே ஆர்டர்.

இப்போது தந்திகளைத் தளர்த்த வேண்டும். அதற்கு முன்னால் அண்ணன் கிட்டாரைக் கவிழ்த்து, முதுகு மூடியைத் திறந்து, ஸ்ப்ரிங்குகளுக்குப் பக்கத்தில் ஒரு மரத்துண்டைச் செருகுகிறார். இந்த பிரிட்ஜ் தராசு முள் மாதிரி. முன்பக்கம் ஆறு தந்திகளின் இழுவை, 9-42 செட் என்றால் மொத்தம் சுமார் 38 கிலோ. பின்பக்கம் அதற்குச் சரியாக ஸ்ப்ரிங்குகளின் இழுவை. ஒரு பக்கத்தைத் தளர்த்தினால் மறுபக்கம் பிரிட்ஜையே சாய்த்துவிடும். மரத்துண்டு அதைத் தடுத்து நிறுத்துகிறது.

இரண்டு ஸ்க்ரூக்கள் கழன்றன, பழைய நட் வெளியே வந்தது. அடியில் என்ன கிடைத்தது தெரியுமா? காகிதம்போல மெல்லிய இரண்டு தகடுகள்! இவைதான் ஷிம். “தூக்கிப் போட்டுடாதீங்க, உயிரே இதுலதான்” என்று அவற்றை அண்ணன் ஒரு காந்தக் கிண்ணத்தில் பத்திரப்படுத்துகிறார். ஸ்க்ரூ ஓட்டைகள் புதிய நட்டோடு பொருந்துகின்றன. பொருந்தாவிட்டால் கடினமரக் குச்சியைப் பசைவைத்து அடித்து, காய்ந்த பின் புதிதாகத் துளைபோட வேண்டியிருக்கும்.

இனி பொருத்தும் படலம். மூன்று திசையும் சரியாக வேண்டும். முதலாவது, நீளவாக்கு. நட்டின் முன்விளிம்பு ஃப்ரெட்போர்டு முடியும் இடத்தில் இடைவெளியில்லாமல் ஒட்டி நிற்கணும். இந்தக் கிட்டாரின் தந்தி நீளம் 648 மி.மீ.; முதல் ஃப்ரெட் 36.4-லும், பன்னிரண்டாவது சரிபாதியான 324-லும் இருப்பது இந்த விளிம்பிலிருந்து போட்ட கணக்கு. விளிம்பு நகர்ந்தால் கணக்கே நகர்ந்துவிடும். இரண்டாவது, பக்கவாட்டு. முதல் தந்தியும் ஆறாவது தந்தியும் தத்தம் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கணும். ஸ்க்ரூவைப் பாதி முறுக்கிவைத்து, நட்டை விரலால் இப்படியும் அப்படியும் தட்டி அண்ணன் நடுவுக்குக் கொண்டுவருகிறார்.

மூன்றாவது உயரம். எனக்குத் தலைகால் புரியாத குஷி இங்கேதான்! எலும்பு நட் என்றால் அந்தந்தக் காடியை அரத்தால் ராவித் தனித்தனியாக இறக்கிக்கொள்ளலாம். லாக்கிங் நட்டில் அந்தப் பேச்சே கிடையாது. ஆறு தந்தியும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். ஏற்ற வேண்டுமா, அடியில் ஷிம் வை. இறக்க வேண்டுமா, ஷிம்மை எடு; அதுவும் போதாவிட்டால் மரத்தைத்தான் கொஞ்சம் செதுக்கணும்.

உயரம் சரிதானா என்று பார்க்க அண்ணன் மீட்டரைத் தேடவில்லை. தந்தியை இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்திப் பிடித்து, முதல் ஃப்ரெட்டின் மேலே விரல்நுனியால் ‘டிக்... டிக்’ என்று தட்டுகிறார். தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் தெரியணும், அந்த ‘டிக்’ கேட்கணும். சத்தமே வராவிட்டால் நட் தாழ்வு. திறந்த தந்தி ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும். இடைவெளி பெரிதாக இருந்தால் நட் உயரம். முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போதே தந்தி கூடுதலாக இழுபட்டுச் சுரம் ஏறிவிடும். புதிய நட் தாழ்வாகத்தான் இருந்தது. ஒரு ஷிம் போனது. டிக் இல்லை. இரண்டாவது ஷிம்மும் போனது. டிக்! வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு, அண்ணன் முகத்தில்!

“அண்ணே, இனிமே சவுண்டு பிரமாதமா வருமா?”

“சவுண்டு உன் கையில இருக்கு தம்பி. இது சுருதிக்குக் காவல், அவ்வளவுதான்.”

தந்திகளை ஏற்றியாயிற்று, மரத்துண்டை உருவியாயிற்று, சுருதியும் சேர்த்தாயிற்று. ட்யூனரில் பச்சை விளக்கு. பூட்டை முறுக்கினார், முள் ‘விர்’ரென்று மேலே பாய்ந்தது! நான் பதறினேன், அவர் பதறவில்லை. நட்டுக்குப் பின்னால் தந்திகளைக் குறுக்கே அமுக்கிப் பிடிக்கும் ஒரு தண்டு உண்டு, ரிடெய்னர் பார். அது உயரமாக இருந்தால் தந்தி நட்டின் பின்சரிவில் படியாமல் அந்தரத்தில் நிற்கும். பூட்டும்போது கட்டை அதைக் கீழே அமுக்க, தந்தி இழுபட்டுச் சுருதி ஏறும். பூட்டைத் திறந்து, தண்டின் இரண்டு ஸ்க்ரூவையும் சில சுற்று இறக்கினார். மறுபடி சுருதி, மறுபடி பூட்டு. முள் அசையவில்லை.

அப்புறம் பரீட்சை. வாம்மி பாரை அடிவரை அமுக்கினார், தந்திகள் தொங்கின, விட்டார். முதல் தந்தி 329.6 ஹெர்ட்ஸ், சொன்ன இடத்தில்! அதே தந்தியை முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் 349.2. இரண்டும் சரி என்றால் ஷிம்மும் சரி. தம்பி கிட்டாரைப் பிடுங்காத குறையாக வாங்கி, பட்டறையே அதிர அமுக்கித் தள்ளினான்.

பூட்டியபிறகு ஹெட்ஸ்டாக்கிலுள்ள ட்யூனிங் கீயைத் திருகிப் பயனில்லை. சின்னத் திருத்தமெல்லாம் பிரிட்ஜிலுள்ள ஃபைன் ட்யூனர்களில்தான். அதனால்தான் பூட்டுவதற்கு முன்பே அண்ணன் அவற்றை நடுவாக்கில் வைத்துவிட்டார், ஏறவும் இறங்கவும் இடம் இருக்க. மேடையில் ஒரு தந்தி அறுந்தாலோ ஸ்ப்ரிங்குகள் ஜெயித்துவிடும்; மிச்ச ஐந்தும் சுருதி ஏறிப்போகும். புதுத் தந்தி போட நட்டின் பூட்டைத் திறந்தாக வேண்டும். பலர் ஹெட்ஸ்டாக்கின் முதுகிலேயே ஓர் ஆலன் கீயைச் செருகி வைப்பது இதற்காகத்தான்.

தம்பி பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது அண்ணன் கேட்டார், “கீ எத்தனை வச்சிருக்க?”

“ஒண்ணுண்ணே.”

“ரெண்டா வாங்கிக்கோ. ஒண்ணு கச்சேரி அன்னிக்குத்தான் தொலையும்!”