வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் ஏன் கூடுகிறது?

எதிரில் இருப்பவர் ஒரு சிறு கருவி வழியாக உங்கள் விரலை அழுத்துகிறார். அதே அளவு அழுத்தத்தை நீங்கள் அவர் விரலுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு அவர் முறை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நடந்த இந்தச் சோதனையை ஷெர்கில், வோல்பர்ட் குழுவினர் 2003இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். வாங்கிய அளவுக்குக் கொடு என்பதுதான் இருவருக்கும் உத்தரவு. ஆனால் எதிராளிக்கு என்ன உத்தரவு என்பது யாருக்கும் தெரியாது. ஏமாற்ற வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. ஆனாலும் அழுத்தம் ஒவ்வொரு முறையும் சராசரியாக 38 சதவீதம் ஏறியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த வேகத்தில் ஏழு முறை ஏறினால் தொடங்கிய அளவைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல்!

காரணம் மூளையின் சிக்கனம். நாமே செய்யும் அசைவின் விளைவை மூளை முன்கூட்டியே கணித்து, அந்த உணர்வைக் குறைத்துவிடுகிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதனால்தான். நாம் கொடுத்த அழுத்தம் நமக்குக் குறைவாகவே தெரியும்; வாங்கியது முழுசாக உறைக்கும். சமமாகக் கொடுத்ததாகத் தோன்ற வேண்டுமென்றால், கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும்.

விரலுக்குப் பொருந்துவது வார்த்தைக்கும் பொருந்தும் என்று இந்தச் சோதனை நிரூபிக்கவில்லை. ஆனால் அலுவலக மெயில் சண்டை ஒன்றையாவது பார்த்தவருக்கு இந்த ஏற்றம் புதிதல்ல.

திருப்பித் தள்ளாமல் இருந்தால்? அந்தக் கேள்வியை ஒரு கலையாகவே வளர்த்தவர் ஜிகோரோ கானோ. 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் ஜூடோ பள்ளி தொடங்கியபோது அவருக்கு 21 வயது. அவர் சொன்ன கணக்கு எளிது. எதிராளியின் பலம் பத்து, என் பலம் ஏழு. எதிர்த்து நின்றால் தோற்பேன். அவன் தள்ளும் அளவுக்கே நான் பின்வாங்கினால், அவன் முன்னால் சாய்ந்து நிலை தடுமாறுவான். அப்போது அவனிடம் மிஞ்சுவது மூன்று. என் ஏழு அப்படியே இருக்கும். உடம்பின் எடை பாதங்கள் அடைக்கும் பரப்புக்குள் இறங்கும்வரைதான் மனிதன் நிற்பான். தள்ளுகிறவன் எதிர்ப்பை நம்பியே சாய்கிறான். எதிர்ப்பு காணாமல் போனால் எடை விரல் நுனியைத் தாண்டிவிடும். ஜூடோக்காரர்கள் இந்தத் தடுமாற்றத்தை ‘குஸுஷி’ என்பார்கள்.

இதைப் பேச்சுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் தாம்சன். அமெரிக்காவில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து போலீஸ்காரரானவர். ஜூடோவில் கருப்புப் பட்டை வாங்கியவர். தன் முறைக்கு ‘வெர்பல் ஜூடோ’ என்றே பெயர் வைத்தார். திட்டுகிறவனோடு மல்லுக்கு நிற்காதே, அவன் சொன்னதை உன் வார்த்தையில் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று கேள் என்பது அதில் முக்கியமான பாடம்.

வெள்ளிக்கிழமை மாலை ஒரு மெயில் வருகிறது: “மூன்று முறை கேட்டும் ரிப்போர்ட் வரவில்லை.” சிசியில் மேனேஜர். “உங்கள் டீம் டேட்டா கொடுத்தால்தானே?” என்று எழுதி, சிசியில் ஜிஎம்மையும் சேர்க்கக் கை துறுதுறுக்கும். அதுதான் அந்த 38 சதவீதம். இப்படி எழுதிப் பாருங்கள்: “தாமதம் உண்மைதான். திங்கள் மீட்டிங்குக்கு எந்த விவரங்கள் கட்டாயம் வேண்டும்? டேட்டா இன்று வந்தால் அவற்றை நாளையே அனுப்புகிறேன்.” மறுப்பு வரும் என்று தயாராக இருந்தவர் இப்போது ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்தப் பதிலில் எங்கும் கும்பிடு இல்லை, கவனியுங்கள். உண்மையான பகுதியை மட்டும் ஒப்புக்கொண்டது. டேட்டா வராததையும் விடவில்லை. கானோவின் கணக்கில் பின்வாங்கும் அளவு முக்கியம்: தள்ளிய அளவுக்கு மட்டும்தான், அதுவும் தன் நிலை குலையாமல். செய்யாத தப்புக்கும் சேர்த்து நாலு ‘சாரி’ போடுவது ஜூடோ இல்லை; தானே விழுவது. நம்மூர் அலுவலகங்களில் இந்த வித்தியாசம் அடிக்கடி மறந்துபோகிறது, குறிப்பாக மேலதிகாரி முன்னால்.

இந்த வித்தைக்கு எல்லையும் உண்டு. வேலையைப் பற்றிய மோதலுக்குத்தான் இது உதவும். தினமும் ஆளை அவமானப்படுத்துவதோ கை நீட்டுவதோ மோதல் அல்ல, அத்துமீறல். அங்கே நளினமாக விலகிக்கொண்டிருக்காதீர்கள். தேதி போட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். பாலியல் தொல்லை என்றால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம்.