உண்டியல் சாவி யார் கையில்?



பினாங்கு டத்தோ கிராமாட் சாலையில் இரவு பத்து மணிக்கு மேல் நடந்து பாருங்கள். பல கடைகளின் இரும்புக் கதவு இறங்கியிருக்கும், பூட்டும் தொங்கும். ஆனால் உள்ளே இருக்கும் கணினியை அந்தப் பூட்டு காக்காது. கணக்கு மென்பொருளைப் பழுது பார்ப்பவர் பட்டர்வொர்த்திலிருந்தும் உள்ளே வருவார், பெங்களூரிலிருந்தும் வருவார். கதவைத் திறக்காமலேயே வருவார்.

சென்ற ஆண்டு இந்த வட்டாரத்தில் நண்பர் ஒருவரின் சிறிய அலுவலகத்தில் இரவில் வேலை செய்துகொண்டிருந்தோம். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஒரு கோப்பு திறந்தது. பதறிப்போய்த் தொலைபேசியில் விசாரித்தோம். பராமரிப்பு நிறுவனத்தின் புதிய ஊழியர்தான், மென்பொருளைப் புதுப்பிக்க வந்திருந்தார். எதுவும் திருட்டுப் போகவில்லை. ஆனால் "இதற்கு முன் யார் யார், எந்தெந்த நாளில் உள்ளே வந்தீர்கள்?" என்று கேட்டபோது பதில் இல்லை. ஐந்து பேருக்கு ஒரே கடவுச்சொல். அவர்களில் இருவர் வேலையை விட்டே போய்விட்டார்களாம்! இதைக் கலந்துரையாடலில் பேச வேண்டும் என்று அன்றிரவுதான் முடிவு செய்தேன்.

ஆலயம் காட்டும் வழி

நம் ஆலயங்கள் பலவற்றில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தலைவரிடம், மற்றொன்று பொருளாளரிடம். நாலு பேர் முன்னிலையில் எண்ணுவார்கள், குறிப்பேட்டில் கையெழுத்துப் போடுவார்கள். இது யாரையும் சந்தேகப்பட்டுச் செய்வதல்ல. நாளை ஒரு கேள்வி எழுந்தால் நல்லவரைக் காப்பாற்றுவதற்காகச் செய்வது.

கணினியிலும் எதையும் மாற்றவும் அழிக்கவும் அதிகாரம் கொண்ட நிர்வாகிக் கணக்கு ஒன்று உண்டு. அதுதான் உண்டியல் சாவி. அதைப் பாதுகாக்கும் மென்பொருள்களைச் சுருக்கமாகப் 'பிஏஎம்' என்கிறார்கள்.

கொடுத்த சாவியைத் திரும்ப வாங்காவிட்டால் என்ன ஆகும்? 2021இல் அமெரிக்காவின் கொலோனியல் எண்ணெய்க் குழாய் நிறுவனத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது வெளியிலிருந்து உள்ளே வருவதற்கான ஒரு பழைய விபிஎன் கணக்கு. யாரும் பயன்படுத்தாத கணக்குதான், ஆனால் மூடப்படவில்லை. இரண்டாவது சரிபார்ப்பும் அதற்கு இல்லை. எண்ணெய்க் குழாய் பல நாள் நின்றது. சுமார் 44 லட்சம் டாலர் பிணைத்தொகையாகப் போனது.

எதைப் பார்த்து ஒப்பிடுவது?

விளம்பரத் தாளில் நூறு வசதிகள் இருக்கலாம். நீங்கள் நான்கு கேள்விகள் கேட்டால் போதும். ஒன்று, வெளியாள் கடவுச்சொல்லைப் பார்க்காமலேயே வேலை செய்ய முடியுமா? இரண்டு, நம் ஒப்புதலோடு, குறித்த நேரத்துக்கு மட்டும் வழி திறக்குமா? மூன்று, அவர் செய்தது முழுவதும் பதிவாகுமா? நான்கு, வேலை முடிந்ததும் கடவுச்சொல் தானாக மாறுமா?

1999இல் இஸ்ரேலில் தொடங்கிய சைபர்ஆர்க் இந்த நான்கையும் செய்யும். வெளியாள் நடுவில் இருக்கும் ஒரு கணினி வழியாகத்தான் போக வேண்டும், போவது படமாகப் பதிவாகும். ஆனால் அதைப் பராமரிக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். வங்கி போன்ற பெரிய இடங்களுக்கு ஏற்றது.

பியோண்ட்டிரஸ்ட் நிறுவனம் வெளி ஒப்பந்தக்காரர்களுக்கென்றே ஒரு மென்பொருள் வைத்திருக்கிறது. முழு வலையமைப்பையும் திறந்துவிடாமல், குறிப்பிட்ட கணினிக்கு மட்டும் வழிவிடும். பாயான் லெப்பாஸில் உள்ளதுபோன்ற ஆலைகளில், இயந்திரத்தை விற்றவர் வெளிநாட்டிலிருந்தே பழுது பார்க்கும் நிலைக்கு இது பொருந்தும்.

நம்மவர்கள் பெருமைப்படக்கூடிய ஒன்றும் உண்டு. சென்னையில் வளர்ந்த ஸோஹோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு தரும் பாம்360. இதுவும் நான்கு கேள்விக்கும் பதில் சொல்லும். நடுத்தர நிறுவனங்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அப்பாச்சி குவாக்கமோலி இலவசம். உலாவி வழியாகத் தொலைவுக் கணினிக்குள் போகலாம், பதிவும் செய்யலாம். ஆனால் ஒப்புதல் கேட்கும் ஏற்பாடும், கடவுச்சொல்லைத் தானே மாற்றும் வசதியும் அதனுடன் வருவதில்லை. அந்த வேலையை நாமேதான் செய்ய வேண்டும்.

ஜாகாவின் சாவி தொலைந்தால்?

எல்லாச் சாவியையும் ஒரே பெட்டியில் வைத்தால், திருடன் அந்தப் பெட்டியைத்தானே தேடுவான்? 2024இல் அதுதான் நடந்தது. பியோண்ட்டிரஸ்டின் தொலைவு உதவிச் சேவைக்கான ஒரு சாவி திருடப்பட்டு, அதன் வழியாக அமெரிக்க நிதி அமைச்சின் கணினிகளுக்குள் ஊடுருவினார்கள். பாம்360இலும் 2022இல் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ஜூன் மாதமே திருத்தம் வெளியானது. ஆனாலும் அந்த ஓட்டை வழியாகத் தாக்குதல் நடப்பதாக அமெரிக்க இணையப் பாதுகாப்பு அமைப்பு செப்டம்பரில் எச்சரித்தது. ஆகவே வாங்கினால் மட்டும் போதாது. திருத்தங்களை உடனே போடவும், பதிவுகளை வாரம் ஒருமுறை பார்க்கவும் ஓர் ஆளை நியமிக்க வேண்டும்.

மலேசியாவின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஆகஸ்ட் 26ஆம் தேதி நடப்புக்கு வந்தது. வங்கி, மருத்துவம், நீர், போக்குவரத்து உட்பட 11 முக்கியத் துறைகளை அது தொடுகிறது. அதன் கீழ் வரும் நிறுவனத்தில் ஊடுருவல் நடந்தால், ஆறு மணி நேரத்துக்குள் முதற்கட்ட விவரம் தர வேண்டும். யார் உள்ளே வந்தார் என்ற பதிவே இல்லாதவர் ஆறு மணி நேரத்தில் எதைச் சொல்வார்?

"சின்னக் கடை வைத்திருக்கிறோம் தம்பி, இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?" என்று கலந்துரையாடலில் ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு இந்த மென்பொருள் எதுவும் வேண்டாம், சில பழக்கங்கள் போதும். டீம்வியூவர், எனிடெஸ்க் போன்றவற்றில் ஆள் இல்லாதபோதும் உள்ளே வரும் வசதியை அணைத்துவிடுங்கள். கடையில் இருப்பவர் 'ஏற்கிறேன்' என்று அழுத்தினால்தான் வழி திறக்க வேண்டும். பராமரிப்பவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கொடுங்கள். ஒருவர் வேலையை விட்டால் அன்றே அவர் கணக்கை மூடுங்கள். வந்தவர் பெயர், நாள், நேரம், செய்த வேலை ஆகியவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள்.

என் நண்பரின் மேசையில் இப்போது அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. ஐந்து பேரிடம் இருந்த சாவி இன்று இரண்டு பேரிடம் மட்டுமே இருக்கிறது. நீங்களும் திங்கட்கிழமை காலை உங்கள் பராமரிப்பாளரை அழைத்துக் கேளுங்கள்: "எங்கள் கணினிக்குள் வர எத்தனை பேரிடம் சாவி இருக்கிறது?" உடனே ஓர் எண்ணைச் சொன்னால் நல்லது. "பார்த்துச் சொல்கிறேன்" என்றால், அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.