ஒரு பர்கூர் மாடும் நாலு டிபார்ட்மென்ட்டும்

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு திரும்பத் திரும்ப வந்துச்சு. "இன்ஜினியரிங்ல ஆராய்ச்சி பண்ணா ஒரு பொருள் வரும், மெடிக்கல்ல பண்ணா மருந்து வரும். வரலாறு, சமூகவியல்ல பி.ஹெச்.டி. பண்ணா என்னங்க வரும்?" இதுக்கு எங்க அந்தியூர் மலைமேல இருக்கற ஒரு மாட்டை வச்சுப் பதில் சொல்றேன்.

அந்தியூர்ல இருந்து மலை ஏறினா பர்கூர். அந்த மலையோட பேரிலேயே ஒரு நாட்டு மாட்டினம் இருக்கு. செம்பழுப்பு நிறம், அதுல வெள்ளைத் திட்டுகள். வேகமா நடக்கும், முரட்டு சுபாவம், புது ஆளைக் கிட்ட விடாது. ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனவங்க பாத்திருப்பீங்க. இந்த மாடுகளைப் பெரும்பாலும் வளர்க்கறவங்க கன்னடம் பேசற லிங்காயத்து குடும்பங்கள். காட்டுக்குள்ள பட்டி போட்டு, அங்கேயே அடைச்சு, மேய்ச்சு வளர்க்கறாங்க. இந்த இனத்தைக் காப்பாத்தறதுக்காகவே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மலையிலேயே ஒரு ஆராய்ச்சி நிலையம் நடத்துது.

மாடுன்னா நாம கேட்கற முதல் கேள்வி, "எத்தனை லிட்டர் கறக்கும்?" அந்தக் கேள்வியில பர்கூர் மாடு ஃபெயில். பால் குறைவு. ஆனா மேய்க்கறவங்க கணக்கு வேற. பட்டியில சேர்ற சாணம் சமவெளித் தோட்டங்களுக்கு எருவா விலை போகும். காளைக் கன்னு உழவுக்கும் வண்டிக்கும் விலை போகும். தீவனச் செலவு கிட்டத்தட்ட கிடையாது. லிட்டரை மட்டும் அளந்தா இது நஷ்டம், மொத்தக் குடும்ப வருமானத்தை அளந்தா இது பிழைப்பு. எதை அளக்கறோம்னு முடிவு பண்றதே பாதி ஆராய்ச்சி. சாஃப்ட்வேர் வேலையில டாஷ்போர்டு போடறவங்களுக்கு இது நல்லாப் புரியும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 2022 மார்ச்சில சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள்ல மாடு மேய்க்கத் தடை போட்டுச்சு. அப்புறம் அதே மாசம் அந்தத் தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் இந்த மூணுக்கும்னு சுருக்குச்சு. 2024 ஜனவரியில அந்தியூர், கோபி தாலுகாக்கள்ல சுமார் 80,000 ஹெக்டேர் காடு 'தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம்' ஆச்சு. பர்கூர் மலைக் காடும் அதுக்குள்ள வருது. ரெண்டையும் சேர்த்துப் படிங்க, மேய்க்கறவங்களோட கவலை புரியும். காட்டுக்கும் ஒரு நியாயம் இருக்கு: மாட்டோட நோய் காட்டு விலங்குகளுக்குப் போகலாம், அதிகம் மேய்ஞ்சா புல்வெளி அழியலாம்.

இன்னொரு பக்கம் 2006-ம் வருஷ வன உரிமைச் சட்டம் இருக்கு. அதோட பிரிவு 3-ல மேய்ச்சலும் ஒரு சமூக உரிமை. சரணாலயத்துக்குள்ளேயும் அந்த உரிமையைக் கேட்கலாம். ஆனா பழங்குடிப் பட்டியல்ல இல்லாதவங்க 2005 டிசம்பர் 13-க்கு முன்னால மூணு தலைமுறையா, அதாவது 75 வருஷமா, அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்டணும். கணக்குப் போட்டா 1930-க்குப் போகணும். லிங்காயத்து மேய்ப்பர்கள் இந்த வகையிலதான் வருவாங்க. தாத்தா காலத்துல மாடு மேய்ச்சதுக்கு யார்கிட்டங்க ரசீது இருக்கும்?

இங்கதான் அந்த நாலு டிபார்ட்மென்ட் உள்ள வருது. சட்டத்தோட விதி 13, எதெல்லாம் ஆதாரம்னு பட்டியல் போடுது. அரசு ஆவணம், வரைபடம், செயற்கைக்கோள் படம், பெரியவங்க சொன்னதை எழுதி வச்சது, அப்புறம் பேர்பெற்ற நிறுவனங்கள் செஞ்ச ஆராய்ச்சி. ஒரு வகை ஆதாரம் மட்டும் பத்தாது, ஒண்ணுக்கு மேல பரிசீலிக்கணும்னும் சொல்லுது.

வரலாற்று மாணவர் ஆவணக் காப்பகத்துல உட்கார்ந்து பழைய வனத்துறை ஃபைலைத் தேடுவார். தென்னிந்தியக் கால்நடைகளைப் பத்தி லிட்டில்வுட்ங்கற அதிகாரி 1936-ல எழுதின புத்தகத்துல பர்கூர் மாடு இருக்கு. ஆனா 1930-க்கு அது ஆறு வருஷம் பத்தாது. இன்னும் பழைய தாள் வேணும். அதைத் தேடத் தெரியறது ஒரு தொழில்.

சமூகவியல் மாணவர் பட்டியில தங்கி, எந்த மாசம் எந்தப் பள்ளத்துல மேய்ச்சல், யார் பட்டிக்கு எது எல்லைன்னு பெரியவங்க வாய்மொழியா சொல்றதைப் பதிவு பண்ணுவார். ஒரே கேள்வியைப் பத்துப் பேர்கிட்டத் தனித்தனியா கேட்டு ஒத்துப் பாக்கறதுதான் அவரோட டெஸ்டிங்.

இன்ஜினியர் மாட்டுக் கழுத்துல ஜி.பி.எஸ். பட்டை கட்டி, மேய்ச்சல் பாதையை மேப்ல போடலாம். ஆனா ஒரு சிக்கல். அதே மேப் மேய்ப்பர் கையில இருந்தா 'வழக்கமான மேய்ச்சல் நிலம்', எதிர்த்தரப்பு கையில போனா 'அத்துமீறல்'. பட்டை கட்டறதுக்கு முன்னாலேயே டேட்டா யாருக்குச் சொந்தம்னு பேசி முடிச்சுடணும்.

நர்சிங் எங்க வருது? மாட்டோட புழங்கறவங்களுக்கு வரக்கூடிய நோய் புரூசெல்லோசிஸ். காய்ச்சல் வந்து வந்து போகும், சாதாரணக் காய்ச்சல்னு விட்டுடுவாங்க. மாத்திரை ஆறு வாரம் வரைக்கும் விடாம சாப்பிடணும். டாக்டர் சீட்டு எழுதிடுவார். காட்டுப் பட்டியில தங்கற ஒருத்தர் அந்த ஆறு வாரத்தை எப்படி முடிப்பார்? மாத்திரையை யார் கொண்டுபோய்க் கொடுக்கறது? நர்சிங் ஆராய்ச்சி கேட்கற கேள்வி இதுதான். காட்டுல வாழறவங்க உடம்பு பத்தின இந்தக் கேள்வி, மத்த மூணு டிபார்ட்மென்ட்டுக்கும் தோணாது.

இப்ப முதல் கேள்விக்கு வரலாம். வரலாறு, சமூகவியல் ஆராய்ச்சியில இருந்து என்ன வரும்? கிராம சபைக்கும், அங்கிருந்து கோட்ட அளவு, மாவட்ட அளவுக் குழுக்களுக்கும் போற ஒரு ஆதாரம் வரும். அது கோரிக்கைக்குச் சாதகமாத்தான் இருக்கும்னு இல்லை. ஒரு பகுதியில மேய்ச்சல் புதுசுதான்னு ஆவணம் சொன்னா, அதையும் எழுதித்தான் ஆகணும். அப்படி எழுதறதால்தான் மத்த பக்கங்களுக்கும் மதிப்பு.

கேக்கற மாணவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்டுக்காக ஒரு ஊருக்குப் போய்த் தகவல் வாங்கினா, முடிச்ச அறிக்கையோட ஒரு பிரதியை அவங்க படிக்கற மொழியில அந்த ஊர்லயே கொடுத்துட்டு வாங்க. காலேஜ் அலமாரியில இருந்தா அது உங்க மார்க். அவங்க கையில இருந்தா, தேவைப்படற அன்னைக்கு எடுத்து நீட்ட ஒரு தாள்.